தென்னை மரத்தடியில் கிடக்கும் வரலாறு: எங்கட ஊர் மொரிஸ் மைனர்கள்



எங்கட ஊர்களில் பழைய வளவுகளுக்குள் போனால் இன்னும் அங்கொன்று இங்கொன்றாகக் காணலாம். தென்னை மரத்துக்குக் கீழே, நாலு ரயரும் இறங்கி, கோழிகள் குடியிருக்கும் ஒரு மொரிஸ் மைனர் அல்லது ஒஸ்டின். மழைக்கு ஒரு தறப்பாள்கூட இருக்காது. பழைய இரும்பு எடுப்பவர் வந்தால் கிலோக் கணக்கில் போய்விடும். அதற்கு முன் இந்தக் கார்களின் கதையை ஒருமுறை பார்ப்போம் என்றுதான் இதை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். 1922இல் யுத்தத்தால் ஊரை விட்டு வெளியேறி, பிறகு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். இடம்பெயர்ந்த ஒரு பிள்ளை கீறிய கார்தான் பிரித்தானியாவிலேயே முதன்முதலாகப் பத்து இலட்சத்தைத் தாண்டி விற்ற கார். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி முடியும்போது எண்ணிக்கை 16 இலட்சத்தைத் தொட்டிருந்தது.

இந்தக் கரையில் கார் என்பது ஒரு வீட்டுச் சொத்தாக மட்டும் இருந்ததில்லை. போடியார் வீட்டில் ஒரு கார் நின்றால் அது முழு ஊருக்கும் பொதுவானது போலத்தான். பிள்ளைப்பேறு என்றாலும், மட்டக்களப்பு ஆஸ்பத்திரி என்றாலும், கல்யாணம் என்றாலும் அந்தக் கார்தான். ஹயர் ஓடியவர்கள் 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தில், எதிரே வாகனம் வந்தால் காத்து நின்று கடந்தார்கள். பக்கத்தில் புதுப்பாலம் 2013இல்தான் வந்தது.

இந்தக் கார்கள் ஐம்பது, அறுபது வருடம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. 1970 முதல் 1977 வரை நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு மிகக் கடுமை. புதுக் காரும் இல்லை, சாமானும் இல்லை. உள்ளதை வைத்து ஓடியே ஆக வேண்டும். அந்த வருடங்களில்தான் எங்கட மெக்கானிக் காக்காமார், டிங்கர் பாஸ்மார், லேத் வேலைக்காரர்கள் உண்மையான பொறியியலாளர்களாக மாறினார்கள். கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்தார்கள். உக்கிய மட்காட்டைத் தகரத்தில் அடித்து எடுத்தார்கள். 1977க்குப் பிறகு ஜப்பான் வாகனங்கள் வந்து நிரம்பின. மைனர்கள் பின்வளவுக்குப் போயின. சிலவற்றுக்குள் டட்சன் எஞ்சின் ஏறியது.

இந்தக் கைவேலைக்கு உலகம் கொடுத்த மதிப்பு நம்மில் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் என்பவர் 1970களில் மொரிஸ் மைனர் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். காரை எறிந்து புதிது வாங்குவதை விட, திருத்தித் திருத்தி ஓடுவதே இலாபம் என்பது அவருடைய வாதம். ஆனால் பாகம் செய்ய அங்கே ஆளில்லை. அவர் தேடி வந்த இடம் இலங்கை. தனபால சமரசேகர என்ற நம் நாட்டவரோடு சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் டியூரபிள் கார் கம்பனி உருவானது. மைனரின் உடற்பாகங்கள் இங்கே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறின. கார் செய்தவனுக்கே பாகம் செய்து அனுப்பிய நாடு இது.

மைனரின் இரத்தம் பந்தயக் கார்களிலும் ஓடுகிறது. 1958இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டை எடுங்கள். முன்விளக்கு இரண்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்பதால் 'தவளைக் கண்' என்று பெயரெடுத்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார் அது. அதன் ஸ்டியரிங் அமைப்பு மைனருடையது. 948 சிசி எஞ்சின் மைனர் 1000இல் உள்ள அதே குடும்பம். இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் ஸ்பிரைட்டுக்கும் உங்கட வளவுக் காருக்கும் உறவு உண்டு என்பதை மறக்காதீர்கள்.

சரி, கிடக்கும் காரை உயிர்ப்பிக்க முடியுமா? முடியும். ஆனால் அவசரப்பட்டு பட்டரி கொடுத்து ஸ்டார்ட் அடிக்கக் கூடாது. அனுபவசாலிகள் செய்வது இப்படி:

முதலில் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊற விடுவார்கள். பிறகு முன்னால் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். தாங்கியில் உள்ள பழைய பெற்றோலை முழுக்க இறக்கிக் கழுவ வேண்டும். பிறேக் சிலிண்டர்களும் றப்பர்களும் புதிதாக வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. அக்காலக் கார்கள் பலவற்றில் பட்டரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். பார்க்காமல் இன்றைய பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் மின்பாகங்கள் பழுதாகலாம். ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஈயம்தான் வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்தது. எனவே ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட் போடுவது நல்லது. நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு, மில்லிமீற்றர் சாவி சரியாகப் பொருந்தாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி எங்கட உப்புக் காற்றுத்தான். மைனருக்குத் தனியான சேசி இல்லை, பொடியே சுமை தாங்குகிறது. கதவுக்குக் கீழ்ப்பகுதியும் தரைத்தகடும் கறள் பிடித்தால் மேலே பெயின்ட் அடித்துப் பயனில்லை. வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று, நம்பர் பிளேட்டை எறிந்துவிடாதீர்கள். ஈஎல், ஈஎன், ஈவை போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 1957க்கு முன் பதிவான கார். 1957 முதல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. அந்த ஒரு எழுத்துக்காக வடகிழக்கில் போராட்டம் நடந்தது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 மே மாதம் நாடே எரிந்தது. வகுப்பில் ஒரு பக்கத்தில் படித்து முடிக்கும் பாடம், ஒரு தகரத் துண்டில் எங்கட வளவுக்குள்ளேயே கிடக்கிறது.

கொழும்பு கோல்பேஸ் ஹோட்டலில் ஒரு 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் கார் காட்சிக்கு இருக்கிறது. இளவரசர் பிலிப் கடற்படையில் இருந்தபோது 12 பவுணுக்கு வாங்கியது. இளவரசர் ஓட்டிய காரைக் கண்ணாடி போலத் துடைத்து வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இந்தக் கரையில் எத்தனை தாய்மாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கார்களைக் காக்க யார் இருக்கிறார்கள்? 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது படங்கள், பதிவுப் புத்தகங்கள் என்று எவ்வளவோ போய்விட்டன. மிஞ்சியவற்றை நாமே நிறுத்துக் கொடுக்கலாமா?

அந்தக் காக்காமாரில் பலர் இன்று மர்ஹூம்கள். இருப்பவர்களுக்கும் வயது போய்விட்டது. 'படிப்பு ஏறாட்டி கராஜுக்குப் போ' என்று பிள்ளைகளைப் பயமுறுத்தும் சமூகம் நாம். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தும் அந்தப் பேச்சு முழுதாக மாறவில்லை. வாகன இறக்குமதி 2020 முதல் 2025 வரை நின்றபோது எங்கட வாகனங்களை ஓட வைத்தது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

எல்லோராலும் கார் திருத்த முடியாது, செலவு பெரிது. அதனால் கேட்பது சின்ன விடயங்கள்தான். விற்பதற்கு முன் நம்பர் பிளேட்டோடு ஒரு படம் எடுங்கள். பதிவுப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் காரை யார் ஓட்டினார், யார் திருத்தினார் என்று வாப்பாவிடமும் பெரியவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். வெட்டி விற்காமல், உயிர்ப்பிக்க ஆசைப்படுபவருக்குக் கொடுங்கள்.

உங்கட வீட்டில் நின்ற கார் எது, அதைத் திருத்திய காக்கா யார் என்று கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், ஊர்வாரியாக ஒன்றுசேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.