வீட்டுக் களவுத் தடுப்பு: திருத்தணி வட்டாரம்

வீட்டில் பூட்டை உடைத்தோ, ஓட்டைப் பிரித்தோ, சுவரில் கன்னம் வைத்தோ நுழைபவர்களிடமிருந்து பொருளையும் உயிரையும் காக்கும் ஏற்பாடுகள் வீட்டுக் களவுத் தடுப்பு எனப்படும். மண்சுவர்கள் குறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகியபின் கன்னக்கோலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்று குறி வைக்கப்படுவது பூட்டிய முன்கதவுதான்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில் உள்ள திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையும் ரேணிகுண்டா இரயில் பாதையும் ஊரைத் தொட்டுச் செல்கின்றன. நகரிப் பக்கம் போனால் சிறிது நேரத்தில் மாநிலமே மாறிவிடும்; காவல் எல்லையும் மாறிவிடும். ஆடிக் கிருத்திகைக்கு மலர்க் காவடியோடு வரும் கூட்டமும், டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் பூசை செய்யும் படித் திருவிழாக் கூட்டமும் ஊரை நிறைக்கின்றன. அந்த நாட்களில் தெருவில் நடக்கும் அந்நியரை யாரும் ‘யாருப்பா நீ?’ என்று கேட்பதில்லை. வீட்டுக்காரர்களும் குடும்பத்தோடு மலையேறிவிடுகிறார்கள். மற்ற நாட்களில் கணவனும் மனைவியும் மின்சார இரயில் பிடித்து வேலைக்குப் போய்விட, பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கிறது.

பூட்டை வாங்கும்போது எல்லோரும் பூட்டையே பார்க்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு உறுதியானதுதான். ஆனால் திருடன் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. நாதாங்கிக்கும் நிலைக்கும் இடையே கடப்பாரை முனையைச் செருகி நெம்புகிறான். அரை அங்குலத் திருகாணிகள் மரத்துகளோடு பிடுங்கிக்கொண்டு வர, பூட்டு சிறு கீறலும் இல்லாமல் நாதாங்கியோடு தொங்கும். ஆகவே கதவை ஊடுருவி உள்பக்கம் மரையிட்டு முறுக்கிய போல்ட்டுகளும், கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டும், வெளியே இரும்பு கேட்டும் தேவை. கொல்லைப்புறக் கதவையும் மாடிப்படிக் கதவையும் பலர் ஒற்றைத் தாழ்ப்பாளோடு விட்டுவிடுகிறார்கள். முன்வாசலுக்குச் செய்த செலவு அங்கே வீணாகிறது. பீரோ சாவியைப் பீரோவின் மேலேயோ துணிமடிப்பிலோ வைப்பதும் கூடாது. திருடன் முதலில் கைவிட்டுப் பார்க்கும் இடங்கள் அவைதான்.

பூட்டிய வீடு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. வாசலில் கோலம் இல்லை, கேட்டில் பால் பாக்கெட் தொங்குகிறது, திண்ணையில் மூன்று நாள் செய்தித்தாள், பட்டப்பகலில் எரியும் விளக்கு. பெரிய தொங்குபூட்டு ஒன்று தெருவைப் பார்த்துத் தொங்கினால் அதுவே அறிவிப்புப் பலகை. காலையில் வாசல் தெளித்து ஒரு கோலம் போட்டுவிடப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிப் போவது, இரண்டாவது பூட்டை விடப் பெரிய காவல் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வெளியூர் போகிறவர்கள் காவல் நிலையத்தில் தெரிவித்தால், ரோந்து செல்லும் காவலர்கள் அந்த வீட்டையும் பார்த்துவருவது தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. எல்லைக்கு அப்பால் ஆந்திரக் காவல்துறை ‘எல்.எச்.எம்.எஸ்.’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. அதில் பதிவு செய்தவரின் பூட்டிய வீட்டுக்குள் அசைவை உணரும் கேமராவைப் போலீசாரே பொருத்துவார்கள். பின்பற்றத்தக்க ஏற்பாடு இது. சென்னையில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருதோறும் கேமரா வைக்கும் இயக்கம் ஏ.கே. விசுவநாதன் காவல் ஆணையராக இருந்தபோது பரவியது.

ஆள் இருக்கும் வீட்டில் புகுவது வேறு வகைக் கொடுமை. 2005 ஜனவரியில் இதே மாவட்டத்தில் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில், கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனம் தம் வீட்டிலேயே கொள்ளையர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார். நெடுஞ்சாலையோரத் தனி வீடுகளைத் தாக்கி வந்த, லாரிகளில் வந்துபோன வடமாநிலக் கும்பல் இதன் பின்னணியில் இருந்தது. காவல்துறை அதிகாரி எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை, சம்பவ இடங்களில் கிடைத்த கைரேகைகளைத் தடமாகக் கொண்டு வடமாநிலங்களில் தேடிக் குற்றவாளிகளைப் பிடித்தது. 2017-இல் வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ திரைப்படம் இந்த விசாரணையைத் தழுவியது. இந்தச் சம்பவத்தைக் காட்டி வடக்கிலிருந்து பிழைக்க வரும் தொழிலாளர்கள் எல்லோரையும் சந்தேகிப்பது அநியாயம். 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பை வைத்தே மனிதர்களைக் குற்றவாளிகளாக்கியது. அந்தப் பார்வை திரும்ப வரக்கூடாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவு, குடியிருக்கும் வீட்டில் திருடினால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது. திருட்டு நோக்கத்தோடு இரவில் வீடு உடைத்துப் புகுந்தால் 331-ஆம் பிரிவின்படி தண்டனை 14 ஆண்டு வரை போகும்.

வீடு திரும்பும்போது கதவு உடைந்திருந்தால் உள்ளே போகக்கூடாது. திருடன் இன்னும் உள்ளே இருக்கலாம். பீரோவைத் தொட்டால் கைரேகை அழியும். வெளியே நின்றபடி 112-ஐ அழைக்க வேண்டும். நகைகளின் புகைப்படம், ரசீது, அவற்றில் பொறித்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் (ஹால்மார்க் தனி அடையாளம்) ஆகியவற்றின் ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்தில் வைத்திருங்கள். மீட்கப்பட்ட நகை உங்களுடையது என்று நீதிமன்றத்தில் காட்ட அவை உதவும்.