குடிநீர்க் குழாய்க்குக் காவல் எங்கே?

1955ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் யமுனையின் போக்கு சற்றே விலகியது. நவம்பரில் நஜப்கர் வடிகாலின் கழிவுநீர், டெல்லிக்குக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் நிலையத்தருகே பின்னேறி வந்து கலந்தது. படிகாரமும் குளோரினும் கூட்டப்பட்டன. பாக்டீரியா அடங்கியது, டைபாய்டு பெருகவில்லை. வைரசோ தப்பியது. டிசம்பரிலும் ஜனவரியிலும் ஏறத்தாழ 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அது ஹெப்பட்டைட்டிஸ் இ என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது.

ஓடும் நீரில் வைரசை உடனுக்குடன் காண்பது அரிது. எனவே உணர்கருவிகள் அதன் தடயத்தையே தேடுகின்றன. கழிவு கலந்தால் எஞ்சிய குளோரின் குறையும், கலங்கல் மிகும், மின்கடத்துதிறன் மாறும்.

இக்கருவிகளை எங்கே பொருத்துவது? குழாயின் தலைப்பில் வைத்தால், வழியில் புகும் கழிவு அதன் கண்ணில் படாது. கடைசியில் வைத்தால் பல தெருக்களைக் கடந்த நீரைச் சோதிக்கலாம். ஆனால் மணி அடிக்குமுன் முன்தெருக்காரர்கள் குடித்து முடித்திருப்பர்!

1992இல் லீ, டெய்னிங்கர் என்னும் இருவர் இதைக் கணிதமாக்கினர். ஓரிடத்தில் எடுக்கும் சோதனை, அங்கு வந்துசேரும் நீர் கடந்துவந்த இடங்களுக்கும் சான்றாகும் என்பதே அவர்கள் கருத்து. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், குடிநீரில் எவரேனும் நஞ்சு கலந்துவிடுவரோ என்ற அச்சம் இவ்வாய்வை முடுக்கியது. 2006இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு போட்டியே நடந்தது. அதன் சிறிய வலையில் 129 கணுக்கள். பொருத்த வேண்டியவை 5 கருவிகள். இதற்கே 27 கோடிக்கு மேற்பட்ட வழிகள் உண்டு! விரைவாகக் கண்டறிதல், பாதிக்கப்படுவோரைக் குறைத்தல், கெட்ட நீர் குடிக்கப்படும் அளவைக் குறைத்தல், தவறவிடாமை என அளவுகோல்கள் நான்கு. நான்கிலும் முதலிடம் பெறும் ஒரே அமைப்பு இல்லை என்பது தெளிவாயிற்று.

அப்போட்டியின் குழாய்களில் நீர் இடைவிடாது ஓடும். நம் ஊர்களின் நிலை வேறு. ஒதியம்பட்டு போன்ற ஊரில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து குறித்த வேளையில் மட்டும் நீர் திறந்துவிடப்படுவதாகக் கொள்வோம். நீர் நின்றதும் குழாயில் அழுத்தம் வீழும். விரிசல் வழியே சாக்கடை உள்ளே கசியும். மறுநாள் முதலில் வரும் நீரே ஐயத்திற்குரியது. ஆகவே இடத்தோடு நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று சோர வேண்டியதில்லை. நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரக்கட்டுப்பாடு. நிறம் மாறும் எளிய சோதனையே இதைக் காட்டிவிடும். அதைத் தொட்டியடியில் மட்டும் செய்து நிறைவடையாமல், கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும், நீர் திறந்தவுடன் செய்து பார்க்க வேண்டும்.