வானத்து ஆலங்கட்டியும் மலைச்சரிவு மின்னலும்

சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் சப்ரகமுவ மலைச்சரிவுகளின் வானிலை பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைவதைக் காணலாம். காலையில் வெயில் கொளுத்தும். நண்பகலுக்குப் பின் மேகம் கறுக்கும். பிற்பகலில் இடி முழங்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நிலவும் பருவப்பெயர்ச்சி இடைக்கால வானிலை இதுவாகும். கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டிய போன்ற பகுதிகளில், மேற்கிலிருந்து வரும் கடற்காற்று மலையில் மோதி மேலெழுவதும் இடிமேகம் திரளத் துணைபுரிகிறது.

இம்மேகங்களுக்குள் பனிக்கட்டி இருக்கிறது என்றால் எம்மவர் பலர் வியப்படைவர். ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்திற்கு மேல் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்கிறது. இடிமேகத்தின் உச்சியோ 15 கிலோமீற்றரையும் எட்டக்கூடும். அங்கே உறையாமல் மிதக்கும் குளிர்ந்த நீர்த்துளிகள் பனித்துணிக்கையொன்றில் பட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ள, ஆலங்கட்டி பருக்கிறது. மேலெழும் காற்று தாங்கும் வரை அது வளரும். அது பலமுறை மேலும் கீழும் சென்று பருப்பதாகவே நாம் பாடநூல்களில் படித்தோம். மிகப் பெரியவை பெரும்பாலும் அகன்ற மேலெழு காற்றினூடே ஒரே பயணத்தில் பருப்பதாக இன்றைய ஆய்வுகள் கூறுகின்றன.

இதன் கொடூரத்தை அண்டை நாடுகள் அறியும். உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் 1888 ஏப்ரல் 30 ஆம் திகதி பெய்த ஆலங்கட்டி மழை 246 உயிர்களைப் பறித்தது. பங்களாதேஷின் கோபால்கஞ்சில் 1986 ஏப்ரல் 14 ஆம் திகதி விழுந்த கட்டியொன்றின் எடை 1.02 கிலோகிராம். பதிவான ஆலங்கட்டிகளில் அதுவே எடை மிகுந்தது.

எமது மண்ணில் அத்தகையவை விழாதிருப்பதற்குக் காரணம் உண்டு. இராட்சத ஆலங்கட்டிக்கு, உயரத்துடன் வேகமும் திசையும் வெகுவாக மாறும் காற்று வேண்டும். அதுவே இடிமேகத்தை நெடுநேரம் உயிர்ப்புடன் வைத்திருக்கும். இங்கு அது குறைவு. உருவாகும் சிறு கட்டிகளும் வெப்பமான காற்றினூடே விழுகையில் உருகி, பெருந்துளி மழையாகின்றன. ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் உருகும் தூரம் குறைவாதலால், ஆலங்கட்டி எப்போதாவது தரையைத் தொடுகிறது.

உருகிவிட்டதால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. மேகத்தினுள் சிறு ஆலங்கட்டிகளும் பனிப்படிகங்களும் உராய்ந்து பிரிவதாலேயே மின்னேற்றம் பிறக்கிறது. புளத்கொகுபிட்டிய மலையில் கல்லாக விழாத அதே பனிதான் மின்னலாக இறங்குகிறது.

2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் நிகழ்ந்த மண்சரிவு அனர்த்தங்களுக்குத் தாழமுக்கத்தினால் தொடர்ந்து பெய்த அடைமழையே காரணம். அதன் பின்னர் மண்சரிவு எச்சரிக்கை பற்றி ஓரளவேனும் பேசப்படுகிறது. மின்னல் ஒருவர் இருவராகக் கொல்வதால் அத்தனை கவனம் பெறுவதில்லை.

இறப்பர் பால் வெட்டு காலையிலேயே முடிந்துவிடும். கொழுந்து பறிக்கும் பெண்களோ இடி முழங்கும் வேளையில் திறந்த மலையில் நிற்கின்றனர். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாயின் ஆபத்து 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. உடனே கட்டடத்தினுள் செல்ல வேண்டும், மரத்தடிக்கு அல்ல. இறுதி இடியோசையின் பின் 30 நிமிடம் காத்திருத்தல் அவசியம். ஆனால் மலையை விட்டிறங்கினால் அரை நாள் பேர்தான் விழும் என்ற அச்சம் உள்ளவரை எந்தப் பெண் இறங்குவாள்? இடிக்காக வேலை நிறுத்தப்படும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணிக்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மின்னல் எச்சரிக்கை, பிற்பகல் கொழுந்து நிறுவைக்கு முன்னரே தமிழில் மலைக்குச் சென்றடைய வேண்டும்.