சில சொற்களோடு வந்தவர்கள்: செண்பகனூர் முதல் ககோசிமா வரை

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. முன்பின் அறியாத இருவர் சாரலில் எதிர்ப்படுவதே அத்திணையின் தொடக்கம். பழனி மலைத்தொடரின் அண்மைக்கால வரலாற்றைப் பயில்வோர்க்கு இவ்விலக்கணம் வேறொரு வகையிலும் பொருந்திவருதல் புலனாகும். கடந்த இருநூறு ஆண்டுகளில் இம்மலையில் எதிர்ப்பட்டோர் பலர், ஒருவர் மொழியை மற்றவர் அறியாத மாந்தர். அவர்கள் கொண்டுவந்த தமிழ்ச் சொற்கள் சில. அச்சிலவற்றைக் கொண்டே வழி கேட்டனர், சோறு கேட்டனர், பின்னர்க் கடவுளைப் பற்றியும் பேச முற்பட்டனர். அம்முயற்சியில் நேர்ந்த பிழைகளும், அப்பிழைகளைத் திருத்தியவர்களும் தமிழ் மொழி வரலாற்றின் ஒரு பகுதியாவர்.

1821-இல் வார்டு என்னும் ஆங்கிலப் படைத்துறை அளவையாளர், வெள்ளகவி என்னும் மலையூரைத் தங்குமிடமாகக் கொண்டு இம்மலைகளை அளந்தார். 1834-இல் மதுரையின் துணை ஆட்சியராயிருந்த ராட்டன் தேவதானப்பட்டி வழியாக மேலேறிச் செண்பகனூரில் ஒரு மனை அமைத்தார். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர், சமவெளியின் வெம்மையும் காய்ச்சலும் தம் குடும்பத்தாரை வாட்டக் கண்டு, கொடைக்கானலில் முதல் இரு இல்லங்களை எழுப்பினர். வண்டிப்பாதை இல்லாத காலம் அது. ஏறத் தெரிந்தவர் கால்நடையாகவோ குதிரையிலோ ஏறினர். ஏனையோரை நாற்காலியிலும் டோலியிலும் வைத்துத் தோள்மேல் சுமந்து ஏற்றியவர்கள் தமிழர்கள்.

வந்தவர்கள் தம் இல்லங்களுக்குச் சன்னிசைடு, ஷெல்டன் எனத் தம் மொழியிலேயே பெயரிட்டனர். ஊர்களின் பெயர்களை அவ்வாறு மாற்ற இயலவில்லை. வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் ஆகியவை அவர்கள் நாவில் சிதைந்தபோதும் தமிழாகவே நின்றன. குன்னுவரும் பளியரும் புலையரும் முன்னரே பெயரிட்டு வாழ்ந்த மலை அது.

இவற்றினும் கருதத்தக்க சொல் ஒன்றுண்டு. மேட்டுப் புல்வெளிகளுக்கிடையே, நீரோடும் மடிப்புகளில் மட்டும் செறிந்து நிற்கும் குறுமரக் காட்டினைக் கண்டபோது, அதனைக் குறிக்க வந்தவர் மொழியில் சொல் இல்லை. உடன் வந்தோர் ‘சோலை’ என்றனர். அச்சொல் ஆங்கிலத்தில் ‘ஷோலா’ ஆயிற்று. மேற்குத்தொடர்ச்சி மலையின் இக்காட்டு வகையைத் தாவரவியலார் இன்றும் அப்பெயராலேயே சுட்டுகின்றனர். சிறிதளவே தமிழறிந்தவர்கள் எடுத்துச்சென்ற ஒரு சொல் அறிவியலின் கலைச்சொல்லாக நிலைபெற்றது. கற்பித்தவர் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை.

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையினர் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். இங்குள்ள ஆவணக்காப்பகம் மதுரை மிஷனின் கடிதங்களையும் குறிப்புகளையும் பேணிவருகிறது. 1773-இல் கலைக்கப்பெற்ற இயேசு சபை மீண்டும் உயிர்பெற்றபின், 1838-இல் பிரெஞ்சுத் துறவிகள் மதுரை நாட்டுக்கு வந்தனர். அவர்கள் வழிவந்தோர் உருவாக்கியதே இவ்வில்லம். தமிழகத்தில் அச்சபையின் மொழிப்பயிற்சி மரபோ இதற்கு மூன்று நூற்றாண்டுகள் முந்தியது. அதன் தொடக்கத்தில் நிற்பவர் பிரான்சிசு சவேரியார்.

1542 மே மாதம் கோவாவை அடைந்த சவேரியார், அவ்வாண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அறியார். போர்த்துகீசியம் சிறிது கற்றிருந்த அக்கரையோரத்து இளைஞர்கள் சிலர் உடன் வந்தனர். தூத்துக்குடியில் இருமொழியும் ஓரளவு அறிந்தோரைக் கூட்டி, மன்றாட்டுகளையும் விசுவாச அறிக்கையையும் தமிழாக்கச் செய்தார். அத்தமிழை அவர் மனப்பாடம் செய்தார். கையில் மணியடித்துத் தெருவில் சென்று சிறுவரை அழைத்து, தாம் முழுதும் அறியாத மொழியில் தாமே ஆசானாக நின்றார்.

ஈராண்டு கழிந்து 1544-இல், தம் துணைவராகிய மன்சிலாசு என்பவருக்கு எழுதிய மடலில் ஒரு திருத்தத்தை அவர் அறிவிக்கிறார். ‘விசுவசிக்கிறேன்’ என வரவேண்டிய இடத்தில், மொழிபெயர்த்தோர் ‘வேணும்’ என்னும் சொல்லை இட்டிருந்தனர். கடவுளை நம்புகிறேன் என்று கருதி மக்கள் சொல்லிவந்தது, கடவுள் எனக்கு வேணும் என்பதாயிருந்தது. அதனை விடுத்து விசுவாசம் என்னும் சொல்லை வழங்குமாறு அவர் பணித்தார்.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? கரையோரத்தில் போர்த்துகீசியரும் தமிழரும் பேசிய மொழி வாணிக மொழி. முத்தும் அரிசியும் துணியும் கைமாறும் இடத்தில் முதலில் தேவைப்படும் வினை ‘வேணும்’, அடுத்தது ‘வேண்டாம்’. நம்புதல் என்னும் அகநிகழ்ச்சியைக் கடைத்தெருவில் எவரும் பேசுவதில்லை. கைவசமிருந்த சொல்லைக் கொண்டே மொழிபெயர்த்தோர் அவ்விடத்தை நிரப்பினர் போலும். எனினும் இதனை முழுப் பிழை என்று தள்ளிவிடத் தமிழறிந்தோர் தயங்குவர். வேண்டுதல் என்னும் தமிழ்ச்சொல் விரும்புதலையும் குறிக்கும். இறைவன்முன் இரந்து நிற்றலையும் குறிக்கும். கோயில் வாயிலில் தமிழன் சொல்லும் முதற்சொல் அதுவே. சமய அறிஞர் நோக்கில் அது பிழை. மொழியின் நோக்கில் நம்பிக்கைக்கு மிக அணுக்கமான சொல். சவேரியார் முன்னதைக் கண்டார். பின்னதைக் காணும் அளவுக்குத் தமிழோடு வாழ அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.

1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியர் அவரைச் சந்தித்தார். கொலைப்பழிக்கு அஞ்சித் தாயகம் நீங்கியவர். கோவா சென்று போர்த்துகீசியம் பயின்று, 1548-இல் திருமுழுக்குப் பெற்றுப் பவுல் என்னும் பெயர் ஏற்றவர். அவர் வழிகாட்ட, 1549 ஆகஸ்டு 15 அன்று சவேரியாரும் உடன் சென்ற இருவரும் ஜப்பானின் தென்கோடியில் உள்ள ககோசிமாவில் இறங்கினர். தூத்துக்குடியில் நிகழ்ந்தது அங்கும் நிகழ்ந்தது. அஞ்சிரோ சமய உண்மைகளை ஜப்பானிய மொழியில் ஆக்கித் தந்தார். சவேரியார் அதனை உரோமன் எழுத்தில் எழுதிவைத்து, மக்கள் கூடுமிடத்தில் நின்று உரக்கப் படித்தார். அவ்வாண்டு நவம்பரில் கோவாவுக்கு எழுதிய நெடிய மடலில், அம்மக்களிடையே தாம் சிலைகள்போல் நிற்பதாக அவர் குறிப்பிடுகின்றார். மக்கள் தம்மைப் பற்றிப் பலவும் பேசிக்கொள்ள, மொழியறியாத தாம் வாய்மூடி இருப்பதாகவும், மொழி கற்கும் குழந்தையின் நிலைக்கு மீளவேண்டியிருப்பதாகவும் அம்மடல் உணர்த்துகிறது.

ஈண்டும் ஒரு சொல் அவரை ஏமாற்றியது. கடவுளைக் குறிக்க அஞ்சிரோ தந்த சொல் ‘தைனிச்சி’. கற்றறிந்தவரல்லராகிய அஞ்சிரோவுக்கு அதுவே உயர்ந்த இறைப்பெயராகத் தோன்றியது. அது பௌத்தத்தில் வைரோசனப் புத்தரின் பெயர். யமகுச்சி நகரில் சிங்கோன் பிரிவுத் துறவிகள் சவேரியாரை மகிழ்ந்து வரவேற்றனர். தம் சமயத்தையே அயலவர் வேறு சொல்லால் உரைப்பதாக அவர்கள் எண்ணினர். அவர்களிடம் அடுத்தடுத்து வினவியபோதே சவேரியார் உண்மை உணர்ந்தார். உடனே தைனிச்சியை வணங்காதீர் என்று தெருவில் உரைக்கச் செய்தார். இலத்தீனத்துத் ‘தேயுசு’ என்னும் பெயரையே வழங்கத் தொடங்கினார். அதுவும் இடரின்றி முடியவில்லை. ஜப்பானியச் செவியில் அது ‘தை உசோ’, அதாவது பெரும் பொய், என்று ஒலிப்பதாக எதிர்ப்பாளர் எள்ளினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்து நோக்குதல் தகும். முத்துக்குளித்துறையில் கிடைத்த சொல் பொருள் குறைந்ததாகத் தோன்றியது. ஜப்பானில் கிடைத்த சொல் வேறு பொருளால் முன்னரே நிறைந்திருந்தது. அயல்மொழிக்குள் புகுவோர் இவ்விரு வகைச் சொற்களையுமே எதிர்கொள்கின்றனர். யமகுச்சியில் அவரைத் திருத்தியது நூலன்று, கேட்டோரின் முகமும் மறுமொழியும். துறவிகளின் மிகையான மகிழ்ச்சியே அவருக்கு ஐயத்தைத் தந்தது. அயல்மொழியில் எதிர்ப்பைக் காட்டிலும் எளிதில் கிட்டும் உடன்பாடு கவனிக்கத்தக்கது.

1551 நவம்பரில் சவேரியார் ஜப்பானை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டு டிசம்பர் 3 அன்று சீனக் கரையை ஒட்டிய தீவொன்றில் உயிர்நீத்தார். இரு மொழிகளிலும் அவர் தொடங்கியதை முடித்தவர்கள் தங்கி வாழ்ந்தவர்கள். முத்துக்குளித்துறையில் என்றிக்கே என்றீக்கசு, தமிழில் அண்டிரிக் அடிகளார் என வழங்கப்பெறுபவர், மொழிபெயர்ப்பாளரை விடுத்துத் தாமே தமிழ் பயின்றார், இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்களே கொண்டது. இந்தியாவில் இந்திய மொழியெழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. ஜப்பானில் இளமையிலேயே சென்று வளர்ந்த ஜோவான் ரோட்ரிகசு, 1604 முதல் 1608 வரை நாகசாகியில் அம்மொழியின் இலக்கணத்தை அச்சிட்டார். 1603-இல் ஏறத்தாழ 32,000 சொற்கள் கொண்ட ஜப்பானிய-போர்த்துகீசிய அகராதி அங்கே வெளிவந்தது. தமிழுக்கு அத்தகைய அகராதியாகப் புரோயென்சா தொகுத்தது 1679-இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. சதுரகராதி செய்த வீரமாமுனிவர் இம்மரபின் முதிர்ந்த கனி.

பழனி மலையில் முதல் இல்லம் எழுப்பிய அமெரிக்கரின் மரபும் இவ்வாறே வளர்ந்தது. மதுரை மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் கிளையாகத் தோன்றியது. அந்த யாழ்ப்பாண மிஷனிலிருந்து சென்னைக்கு வந்த வின்சுலோ 1862-இல் தம் பேரகராதியை வெளியிட்டார். மதுரை மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லர் 1913-இல் தமிழ்ப் பேரகராதியின் முதற்பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றார். வையாபுரிப்பிள்ளையின் காலத்தில் நிறைவுற்ற அப்பணி, 1939-இல் வெளிவந்த பின்னிணைப்பையும் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தாங்கி நிற்கிறது. சில சொற்களோடு வந்தோரின் வழியில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் இத்துணைப் பெரிய தொகுதி உருவாயிற்று.

எனினும் இவ்வரலாற்றில் ஒரு கடன் தீராமலே உள்ளது. அஞ்சிரோவின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. தூத்துக்குடியில் சவேரியாரோடு அமர்ந்து முதன்முதலில் மன்றாட்டுகளைத் தமிழாக்கியவர்கள், வெள்ளகவியில் அளவையாளருக்குக் குன்றுகளின் பெயர்களைச் சொன்னவர்கள், டோலியைத் தோளில் தாங்கியபடியே மேலிருந்தவரின் தமிழைத் திருத்தியிருக்கக்கூடியவர்கள் ஆகியோர் பெயர்களை வாசகர் எங்கும் காண்பதரிது. அகராதியின் முகப்பில் ஆசிரியர் பெயர் இருக்கும். ‘அப்படிச் சொல்லக்கூடாது, இப்படிச் சொல்ல வேண்டும்’ என்று முதல்நாள் திருத்தியவரின் குரலும் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. அயலார் தமிழுக்குச் செய்த தொண்டினைப் போற்றும் நூல்கள் மிகுதி. அவ்வயலார்க்குத் தமிழைத் தந்த எளியோரைத் தேடும் பணி இனிமேல்தான் பெருக வேண்டும். அத்தேடலுக்குச் செண்பகனூர் போன்ற ஆவணக்காப்பகங்களின் கடித ஓரங்களும் கணக்கேடுகளும் பயன்படக்கூடும்.

கொடைக்கானலில் 1936-இல் எழுந்த குறிஞ்சி ஆண்டவர் கோயிலை இவ்வரலாற்றின் மறுகரை எனலாம். அதனைக் கட்டியவர் இலீலாவதி இராமநாதன். அயல்நாட்டில் பிறந்து, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவ நெறியை ஏற்ற பெண்மணி. சவேரியாரும் அமெரிக்கரும் தம் கடவுளைத் தமிழுக்குள் கொண்டுவரச் சொல் தேடினர். இவரோ தமிழரின் திணைப்பெயரையே தாங்கிய தெய்வத்துக்குக் கோயில் எழுப்பினார். அங்கிருந்து வடக்கே நோக்கின், வானம் தெளிந்த நாளில் பழனிக் குன்று தெரியும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் இம்மலைகளில் பூத்தது.

அக்கோயிலின் முன்றிலில் நாள்தோறும் மக்கள் நிற்கின்றனர். மழை, மகப்பேறு, மகனுக்கு வேலை, மனத்துக்கு அமைதி என அவரவர் குறை வேறு. சொல்லி முடிக்கும் சொல் மட்டும் ஒன்றே. 1544-இல் ஒரு துறவி பிழையென்று நீக்கிய அதே சொல்: வேணும்.