விற்பனை வரியும் எங்க மாமாவும்

"ஏங்க, உங்க குஜராத்துல நெஜமாவே கெடைக்காதா?"

ஊருக்குப் போனால் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். மாற்றலாகி 2017ல் அகமதாபாத் வந்தேன். 1960ல் மாநிலம் பிறந்த நாளிலிருந்தே இங்கே மதுவிலக்கு. உடல்நலக் காரணம் காட்டி பர்மிட் வாங்கலாம். பர்மிட் இல்லாதவன் கதை வேறு. 2009 ஜூலையில் இதே ஊரில் கள்ளச்சாராயத்துக்கு நூற்று முப்பது பேருக்கு மேல் பலி. 2022 ஜூலையில் போட்டாட் பக்கம் நாற்பதுக்கும் மேல். கடை திறந்திருக்கும் நம் ஊர் மட்டும் தப்பித்ததா என்ன? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் சேலம் ஜில்லாக்காரன். சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது எங்கள் ஜில்லாவில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. ராஜாஜி அப்போது மாகாண பிரதமர். அம்மாயிக்கு அப்போது பன்னிரண்டு வயசு இருக்கும். "அன்னிலேர்ந்து எங்கப்பாரு பொழுதோட ஊட்டுக்கு வந்தாரு கண்ணு" என்று சொல்லும். நான் படித்த எந்தப் புத்தகமும் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பி.காம். படிக்கும்போது, இந்தியாவின் முதல் பொது விற்பனை வரிச் சட்டம் 1939ல் சென்னையில் வந்தது என்று மனப்பாடம் செய்தேன். அது ஏன் வந்தது என்று வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கள், சாராய வருமானம் போனதால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க வந்த வரி அது!

போர்க்காலத்தில் நிறுத்தப்பட்ட மதுவிலக்கு, 1948ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971 ஆகஸ்ட் 30 அன்று கலைஞர் ஆட்சியில் ஒத்திவைத்தார்கள். 1973ல் கள்ளுக்கடைகளையும் 1974ல் சாராயக்கடைகளையும் மூடினார்கள். 1981ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறப்பு. 1983ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பரில், ஜெயலலிதா ஆட்சியில், சில்லறைக் கடையும் அரசின் கைக்கே வந்துவிட்டது. கட்சி மாறியது, கடை திறந்து மூடியது. விற்பனை வரி மட்டும் ஒரு நாள் கூட லீவு எடுக்கவில்லை :-)

வேடிக்கை இதோடு முடியவில்லை. 2017ல் ஜி.எஸ்.டி. வந்து அந்த விற்பனை வரியின் பெரும்பகுதியை விழுங்கியது. குடிக்கும் மதுவை மட்டும் வெளியே விட்டது. ஆக, மாநிலம் தானே விகிதத்தைக் கூட்டிக் குறைக்க மிச்சமிருக்கும் சில இனங்களில் மது முக்கியமானது. எதை ஈடுகட்ட அந்த வரி பிறந்ததோ, அதன் காலடியிலேயே வந்து நிற்கிறோம். டாஸ்மாக் மூலம் அரசுக்கு 2003-04ல் வந்தது 3,639 கோடி. 2023-24ல் 45,855 கோடி.

சரி, மாமா கதைக்கு வருகிறேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. ஊரில் எல்லாக் கடையும் மூடியாச்சு. "இனிமே உங்க மாமா திருந்திருவாரு" என்று அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் நாள் ராத்திரி ஃபோன். "கண்ணு, செவுத்துல எறும்பு ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருக்காரு. கை கால் நடுங்குது. என்னையே யாருன்னு கேக்கறாரு." பக்கத்து வீட்டில் காத்து கருப்பு என்று வேப்பிலையோடு வந்துவிட்டார்கள். எனக்கோ ரயில் இல்லை, விமானம் இல்லை. எங்கள் கிளையின் வாடிக்கையாளரான ஒரு டாக்டரைக் கூப்பிட்டேன். "பல வருஷம் தினம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும், உயிரே போகலாம், இப்பவே ஆஸ்பத்திரி" என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. மாமா பிழைத்தார்.

அதே நாட்களில் கேரளாவில், குடி கிடைக்காமல் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவு போட, உயர்நீதிமன்றம் தடுத்தது.

பிறகு மாமாவிடம் பேசிப் பார்த்த மனநல மருத்துவர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். தறி நஷ்டமான வருஷத்திலிருந்து மாமாவுக்குத் தூக்கமே இல்லை. மனச்சோர்வுக்கு அவர் தனக்குத் தானே எழுதிக்கொண்ட மருந்துதான் அந்த குவார்ட்டர். நாங்கள் பதினைந்து வருஷமாக "திமிர்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

2017 மனநலச் சட்டம், மது தொடர்பான மனநிலைக் கோளாறுகளையும் மனநோயின் இலக்கணத்தில் சேர்த்திருக்கிறது. ஆனால் 2019ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றவர் 38ல் ஒருவர்தான்.

2016, 2017, 2023 என்று மூன்று முறை ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடினார்கள். நல்லதுதான். பிள்ளைகள் கண்ணில் படாமல் இருக்கட்டும். அம்மாயி சொன்னதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் கதவை மூடினால் போதாது என்பதை அந்த ராத்திரி பார்த்தேன்.

எங்கள் வங்கியில் கடன் கொடுத்தால் வாராக்கடனுக்கென்று லாபத்திலிருந்து ஒதுக்கீடு செய்தே ஆக வேண்டும். விருப்பமில்லை என்று சொல்ல முடியாது. 45,855 கோடி வாங்கும் கை, அதில் ஒரு பங்கை இப்படியே கட்டாயமாக ஒதுக்கினால் என்ன? ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் நான்கு படுக்கை, ஒரு மனநல ஆலோசகர். மூடும் கடைக்கு முன்னால் திறக்கும் சிகிச்சை அறை. 1937ல் ராஜாஜி வருமானத்துக்கு மாற்று தேடினார். குடித்துக்கொண்டிருந்த மனுஷனின் ராத்திரிக்கு மாற்று தேடும் வேலை இன்னும் பாக்கி.

மாமா நடுவில் ஒரு தடவை வழுக்கினார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தானே போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வார். "மாப்ளே, நேத்து நல்லாத் தூங்குனேன்டா."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமா இருந்தால், திட்டுவதற்கு முன்னால் தூக்கம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.