உயரம் வந்தாச்சு, ஊசியும் நிறுத்தியாச்சு... உடம்புக்குள் அடுத்து என்ன நடக்கும்?

சிறுவயதில் இரவுதோறும் காலில் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தவர் கால்பந்து நட்சத்திரம் லயோனல் மெஸ்ஸி. காரணம், வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு. இதே ஊசியைப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உயரம் வந்ததும் ஊசி நிற்கும். பல வீடுகளில் டாக்டரிடம் போவதும் அதோடு நின்றுவிடும். ஆனால், கவனிக்க வேண்டிய அடுத்த கட்டம் அங்கேதான் ஆரம்பிக்குது.

ஊசியை எப்போது நிறுத்துவார்கள்?

எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் பருவ வயதின் முடிவில் மூடிக்கொள்ளும். அதன்பிறகு எவ்வளவு ஹார்மோன் கொடுத்தாலும் உயரம் கூடாது. வளர்ச்சி ஆண்டுக்கு சுமார் 2 செ.மீ.க்குக் குறைந்ததும் ஊசியை நிறுத்துவது வழக்கம்.

உயரம் மட்டும்தான் இதன் வேலையா?

இல்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, இந்த ஹார்மோனை வாழ்நாள் முழுவதும் சுரக்கிறது. கொழுப்பைக் கரைப்பது, தசையைக் காப்பது, எலும்பை வலுவாக்குவது எல்லாம் இதன் வேலைதான். அதேநேரம், இன்சுலினின் வேலையை இது கொஞ்சம் தடுக்கும்.

அதனால் ஊசி நின்றதும் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே வரும். இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்யும், அது நல்லது. ஆனால், உடலில் கொழுப்பு கூடி, தசை குறையும்.

யாருக்கு எப்படி?

எதற்காக ஊசி போட்டார்கள் என்பதுதான் முக்கியம்.

* கருவிலேயே வளர்ச்சி குறைந்து, சிறிய குழந்தையாகப் பிறந்தவர்கள்: இவர்களில் பெரும்பாலானோருக்கு சுரப்பி சரியாகவே இருக்கும். நெதர்லாந்தில் இப்படிப்பட்டவர்களை ஊசி நின்றபின் 5 ஆண்டுகள் கவனித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பு கூடியது உண்மை. ஆனாலும், இதேபோல் சிறிதாகப் பிறந்து ஊசியே போடாதவர்களைவிட இவர்கள் நிலை மோசமாக இல்லை.

* காரணம் தெரியாமல் இந்த ஒரு ஹார்மோன் மட்டும் குறைந்தவர்கள்: வளர்ந்தபின் மறுபடி சோதித்தால், பலருக்கு அளவு இயல்பாக இருக்கும். ஊசி தேவைப்படாது.

* கட்டி, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு அல்லது பிறவிக் கோளாறால் பிட்யூட்டரி பாதிக்கப்பட்டவர்கள்: குறைபாடு பெரும்பாலும் தொடரும். கவனிக்காமல் விட்டால் தொப்பைக் கொழுப்பும், எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பும் ஏறும், சோர்வு வாட்டும். எலும்பு தன் முழு வலிமையை எட்டுவது 20-களின் நடுப்பகுதியில்தான். அதனால், 17 வயதில் விட்டது பின்னாளில் எலும்புத் தேய்மானமாக வரலாம். இவர்களுக்கு, குழந்தைகளுக்குத் தருவதைவிடக் குறைந்த அளவில் ஊசி தொடரப்படலாம்.

என்ன டெஸ்ட் எடுக்கணும்?

ஊசியை நிறுத்தி குறைந்தது ஒரு மாதம் கழித்து, ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தேவைப்பட்டால், மருந்து கொடுத்து ஹார்மோன் சுரக்கிறதா என்று மருத்துவமனையில் வைத்தே பார்ப்பார்கள். கூடவே இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு அளவு, எலும்பு அடர்த்தி ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

பழைய ஃபைலை தூக்கிப் போடாதீங்க!

பிள்ளை 18 வயதைத் தொடும்போது, குழந்தைகள் டாக்டரிடமிருந்து பெரியவர்களுக்கான ஹார்மோன் சிறப்பு மருத்துவரிடம் மாற வேண்டியிருக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். எந்தக் காரணத்துக்காக, எத்தனை ஆண்டுகள், எந்த அளவில் ஊசி போடப்பட்டது என்ற விவரம் புது டாக்டருக்கு அவசியம். 'ஊசி முடிஞ்சுது, மறுபடி டெஸ்ட் எப்போ?' என்று கடைசி நாளன்றே கேட்டுவிடுவது நல்லது. டாக்டர் சொல்லாமல் ஊசியை நிறுத்துவதோ, மீண்டும் தொடங்குவதோ கூடாது.