ஸ்டூல் கடைக்கு வர 73 வருஷம்

நம்ம வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் பக்கம் போனா வரிசையா தொழிற்சாலைகள். அந்த வேலையாட்களை நம்பியே செல்போன் கடை, துணிக்கடை, சூப்பர் மார்க்கெட்னு ஏகப்பட்ட கடைகள். ரெண்டு இடத்துலயும் நின்னுக்கிட்டே வேலை செய்யறவங்க இருக்காங்க. ஆனா உட்காரும் உரிமை ரெண்டு பேருக்கும் ஒரே காலத்துல கிடைக்கலை. அந்தக் கதைதான் இந்த எபிசோட்.

1947-ல் சென்னை மாகாணத்துக்குக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தது. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருக்கும் சின்னக் கடைக்கும் அது பொருந்தும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நாலு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர இடைவேளை. வாரம் ஒரு நாள் விடுமுறை. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் ஸ்டூல் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

அடுத்த வருஷமே, 1948-ல், மத்திய அரசின் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. அதன் 44-ஆவது பிரிவு, நின்று வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை இருக்கணும்னு சொன்னது. பிரிட்டனில் 1899-லேயே கடைகளுக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள்: மூன்று பெண் பணியாளர்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும்.

நம்ம ஊர் கடைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? செலவு காரணம் இல்லைங்க, ஒரு ஸ்டூல் என்ன விலை வந்துடப்போகுது. 'வாடிக்கையாளர் உள்ளே வரும்போது ஆள் உட்கார்ந்திருந்தா மரியாதை இல்லை' என்கிற எண்ணம்தான் காரணம்னு நான் நினைக்கிறேன். 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படம் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

மாற்றம் கோழிக்கோட்டில் தொடங்கியது. அங்கே தையல் வேலை செய்த விஜி, 'பெண்கூட்டு' அமைப்பின் மூலம் கடைப் பெண்களைத் திரட்டினார். கழிப்பறை, இருக்கை, இந்த ரெண்டும்தான் முக்கியமான கோரிக்கைகள். 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் இதை ஏற்றுக்கொண்டது. 2021 செப்டம்பர் 6-ல் அமைச்சர் சி.வி. கணேசன் மசோதாவைக் கொண்டுவந்தார். இப்படித்தான் 1947 சட்டத்துக்குள் 22-ஏ பிரிவு வந்தது.

சின்னக் கடைக்காரர் கோணத்திலும் பார்ப்போம். பத்துக்குப் பத்து கடையில் ஸ்டூல் போட இடம் இல்லைங்கிறது நியாயமான கஷ்டம்தான். ஆனா, தன் ஆளை உட்கார வைக்க மனசு இருந்தும், 'பக்கத்துக் கடையில எல்லாரும் நிக்கறாங்களே'னு தயங்கின முதலாளிக்கு இந்தச் சட்டம் ஒரு துணை. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் போட்டி பயம் இல்லை.

ஒரு ஓட்டை மட்டும் பாக்கி. 1948 சட்டம் மாதிரியே இதுவும் 'வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம்' என்றுதான் சொல்கிறது. எத்தனை நிமிஷம்னு கணக்கு இல்லை. ஸ்டூலை மூலையில் போட்டுட்டு, உட்கார்ந்தா முறைக்கிற கடையிலும் ஆய்வாளர் வந்து பார்த்தா இருக்கை இருக்கும்.

அதனால வாடிக்கையாளரான நமக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த முறை கடைக்குப் போகும்போது அங்கே ஒருத்தர் உட்கார்ந்திருந்தா, அதைக் குறையா நினைக்காதீங்க. அது சட்டம் கொடுத்த உரிமை.

உங்க ஊர் கடைகளில் நிலைமை எப்படின்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.